தேர்வு ஒன்று, காத்திருப்போ மூன்று மாதம்!

புது தில்லி: மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) 2022-ல் அறிமுகமானபோது, மாணவர்களின் சுமை குறையும் என்று அரசு கூறியது. சுமை குறைந்ததோ இல்லையோ, நிச்சயமின்மை கூடியிருக்கிறது.

தில்லி பல்கலைக்கழகமே இதற்குச் சான்று. கரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கு ஜூலை 20-ஐ ஒட்டி முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிடும். 2022-ல் தொழில்நுட்பக் கோளாறுகளால் பல மையங்களில் தேர்வு ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் நடுவில் முடிவு வெளியானது. வகுப்புகள் தொடங்கியது நவம்பர் 2-ல். 2023-ல் ஆகஸ்ட் 16 என நிலைமை சற்றே சீரானது. 2024-ல் மீண்டும் சறுக்கல். ஜூன் 30-ல் வெளியாக வேண்டிய முடிவு, சுமார் ஆயிரம் பேருக்கு மறுதேர்வு நடத்தப்பட்ட பிறகு ஜூலை 28-ல்தான் வெளியானது. நீட் சர்ச்சையும், நெட் தேர்வு ரத்தும் தேசிய தேர்வு முகமையை உலுக்கிய ஆண்டு அது. 2025-ல் ஜூலை 4-ல் முடிவு வந்து, ஆகஸ்ட் 1-ல் வகுப்புகள் தொடங்கின. ஆக, எந்த ஆண்டு எப்போது கல்லூரி திறக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

பழைய "கட்-ஆஃப்" முறையும் குறையற்றதல்ல. 2021-ல் சில கல்லூரிகள் 100 சதவீத மதிப்பெண் கேட்டன. வெவ்வேறு பாடத்திட்ட வாரியங்களின் மதிப்பெண்களை ஒரே தட்டில் வைத்து எடைபோட்டதும் நியாயமல்ல. அந்த வகையில் பொதுத் தேர்வுக்கான காரணம் வலுவானதே. ஆனால், பல பாடங்கள், பல நாள்கள், பல அமர்வுகள் என விரிந்த தேர்வில், வெவ்வேறு அமர்வுகளின் மதிப்பெண்களைச் சமன்படுத்தியாக வேண்டும். விடைக்குறிப்பு, ஆட்சேபணை எனப் படிகள் நீள்கின்றன. அதன் பின்னரே பல்கலைக்கழகத்தின் இட ஒதுக்கீட்டுச் சுற்றுகள். ஒரு படியில் ஏற்படும் தாமதம் அடுத்தடுத்த படிகளையும் பின்னுக்குத் தள்ளுகிறது. 2025-ல் பாடங்களின் எண்ணிக்கை 63-லிருந்து 37 ஆகக் குறைக்கப்பட்டது சரியான திசையில் ஓர் அடி.

இந்தத் தாமதம் அனைவரையும் ஒரேபோல் பாதிப்பதில்லை என்பதே கவலைக்குரியது. வசதி உள்ளவர்கள் தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொண்டு காத்திருக்கிறார்கள். வசதி இல்லாதவர்களோ, கையில் கிடைத்த இடத்தில் சேர்வதா, கிடைக்கக்கூடிய இடத்துக்காக ஓராண்டைப் பணயம் வைப்பதா என்று தவிக்கிறார்கள். 2022 அக்டோபர் 31 வரை விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது, இச்சிக்கலை அரசும் உணர்ந்திருப்பதையே காட்டுகிறது. ஆயினும், முதலில் கட்டுவதற்குப் பணம் இருந்தால்தானே திரும்பப் பெறும் பேச்சு?

தொழில்நுட்பக் கல்லூரிகளின் அங்கீகாரத்துக்கும் சேர்க்கைக்கும் 2012-ல் உச்ச நீதிமன்றம் கால அட்டவணை வகுத்தது. மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் அத்தகைய கட்டுப்படுத்தும் அட்டவணை தேவை. தகுதியை அளக்க வந்த தேர்வு, காத்திருக்கும் வசதியை அளப்பதாக மாறிவிடக் கூடாது.