கேண்டி ஸ்டேட்டனும் கவனிக்கப்படாத ஓர் இசைத்தட்டும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் சங்கீதத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது, அரீதா ஃபிராங்க்ளினையும் ஓட்டிஸ் ரெட்டிங்கையும் பக்தி சிரத்தையோடு ஸ்மரித்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வந்த டிஸ்கோ என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் முகம் சுளித்துக்கொள்வது ரசிகர் உலகில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஆடுவதற்கென்று பிறந்த பாட்டில் ஆழம் இருக்க நியாயமில்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் சம்மதமில்லை. என் கட்சிக்குச் சாட்சியாகக் கேண்டி ஸ்டேட்டனையும், அவர் 1978-ல் பாடிய ‘விக்டிம்’ என்ற பாட்டையும் அழைக்கிறேன்.

அலபாமா மாகாணத்து ஹான்ஸ்வில்லில் 1940-ல் பிறந்து, பால்யத்திலேயே சகோதரியுடன் ஜூவல் காஸ்பல் டிரியோ என்ற குழுவில் சேர்ந்து பக்திப் பாடல்கள் பாடிப் பழகிய ஸ்டேட்டன், 1960-களின் இறுதியில் மஸில் ஷோல்ஸ் ஊரில் ரிக் ஹால் நடத்திவந்த ஃபேம் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தார். டாமி வைனெட்டின் ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ பாட்டை அங்கே அவர் தம் வழியில் பாடியது கிராமி விருதுக்குப் பரிசீலிக்கப்பட்டது. வழவழப்பான சாரீரம் அல்ல அவருடையது. சற்றே கரகரத்து, மேல் ஸ்தாயியை எட்டும் தருணத்தில் மெல்லப் பிளந்து, அந்தப் பிளவின் வழியாகவே துக்கத்தை வெளிவிடும் சாரீரம் அது. எத்தனை அப்பியாசம் செய்தாலும் வராதது, தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் அநாயாசமாக வாய்ப்பது.

துன்பம் நிறைந்த தம் இல்வாழ்வைப் பற்றி அவர் சொல்லக் கேட்ட டேவிட் க்ராஃபோர்ட் எழுதிக் கொடுத்த ‘யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ’ 1976-ல் வெளிவந்து, அமெரிக்காவின் ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்தையும் பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. தப்பிக்க வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்ட ஒருத்தி, இளம் பெண்களைப் பார்த்து, ‘நீங்களாவது என்னைப்போல் ஆகாதீர்கள்’ என்று புத்தி சொல்லும் பாட்டு அது. தாளம் குதூகலிக்க, வார்த்தையோ விம்முகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே க்ராஃபோர்ட் எழுதியதுதான் ‘விக்டிம்’. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த அந்தப் பெண்ணே மறுபடியும் காதலில் விழுந்து, தான் பாடிய பாட்டுகளே தனக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நிற்க, தன் பேதைமையைத் தானே விசாரித்துக்கொள்கிறாள். உலகறிந்த தன் வெற்றியையே ஒரு பாடகி குற்றப்பத்திரிகையாக வாசிக்கும் இந்த விநோதத்துக்கு இணையாக அந்தக் காலத்துப் பாட்டுகளில் வேறொன்றை நான் கேட்டதில்லை. அடிக்கு அடி ஒரே சீராக விழும் அந்த முரசுச் சப்தத்தைக் குறை சொல்பவர்கள், அது மாறாமல் இருப்பதனால்தான் மேலே தடுமாறும் குரல் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதைக் கவனிப்பதில்லை. இந்த விஷயம் மெதுவான சோககீதமாக அமைந்திருந்தால் வெறும் புலம்பலாக முடிந்திருக்கும். ஆடிக்கொண்டே சொன்னதால் நாடகமாயிற்று.

ஆயினும் முந்தைய பாட்டின் கீர்த்தி இதற்குக் கிட்டவில்லை. ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தின் வெற்றிக்குப் பின் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெள்ளமாய்ப் பெருகிய சமயம் அது. நல்லதும் சாரமற்றதும் ஒன்றாகவே அடித்துச் செல்லப்பட்டன. மறு ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் அதன் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தபோது, உள்ளே இருக்கும் பாட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டா அப்படிச் செய்தார்கள்?

1980-களில் ஸ்டேட்டன் பக்திப் பாடல்களுக்கே திரும்பினார். அப்போது, 1986-ல், அவர் கடவுளை நினைந்து பாடிய ‘யூ காட் த லவ்’, ஃபிரான்கி நக்கில்ஸின் நடன இசையோடு பிணைக்கப்பட்டு 1991-ல் பிரிட்டனில் நான்காம் இடத்துக்கு வந்தது. பிரார்த்தனை நடனத் தளத்துக்குப் போனதால் அதன் ஆழம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. அந்த நியாயத்தை ‘விக்டிம்’ பாட்டுக்கும் வழங்கலாகாதா?

வாசகர்கள் முதலில் 1976-ஆம் ஆண்டுப் பாட்டையும், உடனே தொடர்ந்து 1978-ஆம் ஆண்டுப் பாட்டையும், அந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். பின்னதன் சுருக்கப் பதிப்பை ஒதுக்கிவிட்டு, நீண்ட பதிப்பைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.