சேர்மன் சிரிக்கிறார்... போன் நம்பர் எங்கே?

நண்பரின் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வெளியூரில் பேத்திக்குக் கல்யாணம். போனால் இரண்டு நாளாவது தங்க வேண்டும். நடுவில் ஒரு டயாலிசிஸ் வருகிறது. ‘‘அந்த ஊர்ல சென்டர் ஏதாவது இருக்கா... கொஞ்சம் நெட்ல பாருங்க சார்’’ என்றார் நண்பர்.

பார்த்தேன். ஒரு டிரஸ்ட் நடத்தும் மையம் கிடைத்தது. வெப்சைட் திறக்க ஆரம்பித்தது. ஆரம்பித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், கை கூப்பியபடி சேர்மன் வந்தார். அவர் நகர்ந்ததும் ஒரு பிரமுகர் ரிப்பன் வெட்டினார். அவரும் நகர, மறுபடி சேர்மன். கீழே ‘எங்கள் தொலைநோக்கு’, ‘எங்கள் லட்சியம்’, ‘சேர்மனின் செய்தி’.

எத்தனை மெஷின் இருக்கிறது, வெளியூர் நோயாளியை ஒரு நாளுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்களா, என்னென்ன ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும், எவ்வளவு ஆகும்? மூச்! ‘தொடர்புக்கு’ என்ற இடத்தை அமுக்கினால் ஒரு படிவம். பெயர், ஈமெயில், பொருள், செய்தி என்று எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினேன். கூகுள் மேப்பில் ஒரு நம்பர் இருந்தது. அடித்தால், ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’.

பதில் வந்தது, ஆறாவது நாள். அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைத் தாத்தா வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தார்.

கல்யாணத்துக்குப் போயிருந்த நண்பர் அந்த மையத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரம். ‘‘அன்னிக்கு ரெண்டு மெஷின் சும்மாத்தான் சார் இருந்துச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா எடுத்திருப்போமே!’’ என்றாராம் அங்கிருந்த டெக்னீஷியன்.

நல்ல டிரஸ்ட். நல்ல மெஷின். நல்ல மனிதர்கள். அவர்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் நடுவில் ஒரு வெப்சைட் குறுக்கே நின்றுவிட்டது.

இது அந்த ஒரு டிரஸ்ட்டின் வியாதி என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஜவுளிக்கடை, லேத் பட்டறை, டியூஷன் சென்டர், முதியோர் இல்லம் என்று எதன் வெப்சைட்டை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். முதலாளி எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாரோ அதுதான் முதலில் வரும். வாடிக்கையாளர் எதைத் தேடி வந்தாரோ அது கடைசியில் வரும், அல்லது வராது. வெப்சைட் என்ற பெயரில் நிலைக்கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

உலகத்தின் முதல் வெப்சைட் 1991-ல் ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்டது. படம் கிடையாது. இந்தத் திட்டம் என்ன, எப்படிப் பயன்படுத்துவது, யாரெல்லாம் இதில் வேலை செய்கிறார்கள் என்பதை வெறும் எழுத்தில் சொன்னது. வந்தவன் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் லண்டனில் நடந்தது. ‘பூ டாட் காம்’ என்று ஒரு துணிக்கடை, 1999 நவம்பரில் இணையத்தில் திறந்தார்கள். வழிகாட்ட ஒரு பொம்மைப் பெண், சுற்றிச் சுற்றிப் பார்க்கும் படங்கள் என்று ஏக தடபுடல். அன்றைக்கு வீடுகளில் இருந்த டெலிபோன் லைன் இன்டர்நெட்டில் அது திறப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். 2000 மே மாதம் கடையை மூடினார்கள். கரைந்தது சுமார் பதின்மூன்றரைக் கோடி டாலர். அவர்கள் விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், வாசலிலேயே வாடிக்கையாளரைக் காக்க வைத்தது பெரிய காரணம்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்களா? டிசைனரைக் கூப்பிடுவதற்கு முன்னால், இரண்டு ரூபாய் பேனாவும் ஒரு நோட்டும் வாங்குங்கள். கடை போன் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரம், போனில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். ‘ஞாயித்துக்கிழமை உண்டா?’, ‘பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எப்படி வர்றது?’, ‘பழைய மெஷினை எடுத்துப்பீங்களா?’, ‘எவ்வளவு ஆகும்?’ அதிகம் கேட்கப்பட்ட பத்துக் கேள்விகளும் அவற்றின் பதில்களும்தான் உங்கள் வெப்சைட். திட்டம் போட்டாகிவிட்டது. இதை எந்த டிசைனரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. ஏனென்றால், உங்கள் போன் அவர் மேஜையில் அடிப்பதில்லை.

அந்தப் போன் நம்பர் முதல் பக்கத்தில், மேலேயே, விரலால் தொட்டால் போன் போகிற மாதிரி இருக்கட்டும். விசிட்டிங் கார்டை போட்டோ எடுத்து ஒட்டாதீர்கள். படத்திலிருக்கும் நம்பரைப் பலரும் மனப்பாடம் செய்துதான் அடிக்க வேண்டியிருக்கும். அதேபோல, தமிழை யூனிகோடில் எழுத்தாகப் போடுங்கள். படமாகப் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படுவது சந்தேகம். பார்வையற்றவரின் செல்போன் அதைச் சரியாகப் படித்துக் காட்டுவதும் சந்தேகம். ‘எங்க கஸ்டமர் எல்லாம் இங்கிலீஷ்தான் சார்’ என்பார்கள். அப்படியானால் கடை போர்டைத் தமிழில் எழுதியது யாருக்காக?

விலை போடுங்கள் என்றால் முகம் மாறுகிறது. ‘போட்டிக்காரன் பார்த்துடுவான்!’ ஐயா, உங்கள் போட்டிக்காரர் என்றைக்கோ ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். தெரியாமல் தவிப்பது வாடிக்கையாளர் மட்டும்தான். சரியான விலை சொல்ல முடியாத தொழில் என்றால் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்றாவது சொல்லலாம். வெப்சைட்டிலேயே பொருள் விற்கிறவர்களுக்கு இன்னொன்று. பெயர், முகவரி, தொடர்பு எண், புகார் அதிகாரி விவரம் எல்லாம் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-லேயே சொல்லிவிட்டன. படிவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்குச் சட்டத்திலும் இடமில்லை.

‘எதுக்கு சார் வெப்சைட்? ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இருக்கே!’ என்பவர்கள் அடுத்த ரகம். இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், அது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பிக் கடை விரித்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் வாசல் போய்விட்டது. 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் படுத்தன. சிறு கடைகளுக்கு கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த வெப்சைட்களை 2024 மார்ச்சில் கூகுளே மூடியது. திண்ணையில் உட்காருங்கள், பேசுங்கள், கூவி விற்கவும் விற்கலாம். வீட்டு விலாசம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அந்த விலாசமாவது உங்களுடையதா என்று இன்றைக்கே பாருங்கள். டொமைன் பெயரை யார் பெயரில், எந்த ஈமெயிலில் பதிவு செய்திருக்கிறார்கள்? பல கடைகளில் வெப்சைட் செய்துகொடுத்த தம்பியின் பெயரில் இருக்கிறது. தம்பி துபாய் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் எல்லாம் அவருடைய பழைய ஈமெயிலுக்குப் போகின்றன. கெடு தாண்டினால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நிலப் பத்திரத்தை கொத்தனார் பெயரில் எழுதுவீர்களா?

கடைசியாக, யார் பார்த்துக்கொள்வது? இதைக் கேட்காமலே ஆரம்பிப்பதால்தான் ‘பொங்கல் 2019 சிறப்புத் தள்ளுபடி’ இன்னமும் மின்னிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு நாள், ஒரே ஒரு ஆள், எல்லா நம்பரையும் விலையையும் சரிபார்க்க வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் பக்கங்களைக் குறையுங்கள். பழைய தகவலோடு இருக்கும் இருபது பக்கத்தைவிட, சரியான தகவலோடு ஒரே ஒரு பக்கம் மேல்.

ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் வெப்சைட்டைச் செல்போனில் திறந்து, வைஃபையை அணைத்துவிட்டு, அதை முன்பின் பார்த்திராத அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். ‘இவங்களுக்கு ஒரு போன் போடுங்களேன்’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். உதவாதீர்கள். பத்து விநாடிக்குள் மணி அடித்தால் நீங்கள் பாஸ்.

அந்த டிரஸ்ட்டுக்கு நடந்ததையெல்லாம் விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். ஒரு நிர்வாகி போன் செய்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ‘‘கண்டிப்பா சரி பண்றோம் சார். இப்பதான் புது டிசைன் ஓடிக்கிட்டிருக்கு’’ என்றார்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். இப்போது வேகமாகத்தான் திறக்கிறது. சேர்மன் சிரிக்கிறார், முன்னைவிடப் பெரிதாக. நம்பரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.