மண்ணுக்குள் புதைத்த சாட்சி

பத்துத் தகரப் பெட்டிகள். பால் கொண்டுபோகும் பெரிய கேன்கள் இரண்டு.

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில் இவற்றை மண்ணுக்குள் புதைத்தார்கள். உள்ளே பொன் இல்லை. பணம் இல்லை. காகிதம்தான் இருந்தது.

அந்தக் காகிதத்தைச் சேர்த்தவர்கள் சுமார் 60 பேர். எல்லோரும் யூதர்கள். ஹிட்லரின் போர் முடிந்தபோது அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர்!

பசித்த வயிற்றோடு, சாவை வாசலில் வைத்துக்கொண்டு, யாராவது காகிதம் சேர்ப்பார்களா? அந்தக் காசுக்கு ரொட்டி வாங்கியிருந்தால் நாலு குழந்தைகளாவது பசியாறி இருக்குமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் செய்ததே சரி. ஏன் என்பதற்கு அவர்களுடைய கதைதான் பதில்.

மதிலுக்குள் ஒரு நகரம்

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. வார்சாவில் வாழ்ந்த யூதர்கள் எல்லோரையும் ஊரின் ஒரு மூலைக்குள் தள்ளினார்கள். சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். இப்படி யூதர்களை அடைத்து வைத்த இடத்துக்குக் "கெட்டோ" என்று பெயர். 1940 நவம்பர் 16-ந் தேதி வார்சா கெட்டோவின் வாசல்கள் மூடப்பட்டன.

வெளியூர் யூதர்களையும் கொண்டுவந்து உள்ளே தள்ளினார்கள். ஒரு கட்டத்தில் கூட்டம் நாலரை லட்சத்தைத் தாண்டியது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். ரேஷனில் கொடுத்த உணவோ ஒரு ஆளுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சின்னப் பையன்கள் மதில் சந்து வழியாக வெளியே நுழைந்து, சட்டைக்குள் உருளைக்கிழங்கை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். காவலாளி கண்ணில் பட்டால் துப்பாக்கிக் குண்டுதான்.

பசியாலும் டைபஸ் காய்ச்சலாலும் 1942-ம் ஆண்டின் நடுவுக்குள் சுமார் 83 ஆயிரம் பேர் செத்துப்போனார்கள்.

இந்தக் கெட்டோவுக்குள் இருந்தார் இமானுவேல் ரிங்கல்பிளம். சரித்திரம் படித்தவர். வாத்தியார் வேலை பார்த்தவர். போருக்கு முந்திய மாதம் ஒரு மாநாட்டுக்காகச் சுவிட்சர்லாந்து போயிருந்தார். போர் மேகம் திரண்டு நின்ற நேரம். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லி இருக்கமாட்டார்கள். அவரோ வார்சாவுக்குத் திரும்பி வந்தார்.

வந்தவர் முதலில் காகிதத்தைத் தேடி ஓடவில்லை. ஏழைகளுக்கு உதவி செய்யும் சங்கத்தில் பொறுப்பு ஏற்றார். கெட்டோவில் கஞ்சித் தொட்டிகள் நடந்தன. ரேச்சல் அவுர்பாக் என்ற எழுத்தாளர் ஒரு கஞ்சித் தொட்டியை நடத்தினார். அவரும் இந்தக் காகிதம் சேர்த்த கூட்டத்தில் ஒருவர். ஆகவே, ரொட்டியை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்தவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. பகலில் கஞ்சி ஊற்றிய கைதான் இரவில் எழுதியது.

சனிக்கிழமை ரகசியம்

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். அன்றுதான் இவர்கள் கூடிப் பேசினார்கள். "ஓய்வு நாள் மகிழ்ச்சி" என்று பொருள்படும்படி "ஓனெக் ஷப்பாத்" எனத் தங்கள் சங்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். கேட்பவர்களுக்கு ஏதோ பஜனைக் கூட்டம் போல இருக்கும். உள்ளே நடந்தது வேறு.

என்ன சேர்த்தார்கள்?

ரேஷன் அட்டை. டிராம் வண்டி டிக்கெட். மிட்டாய் சுற்றிய காகிதம். நாடக நோட்டீஸ். சுவரில் ஒட்டிய ஜெர்மானிய உத்தரவுகள். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள். எங்கோ கொண்டுபோகப்படும் வழியில் சொந்தக்காரர்களுக்கு எழுதிய கடைசிக் கார்டுகள்.

மிட்டாய்க் காகிதம் எதற்கு என்று சிரிக்கத் தோன்றும். ராஜாக்களின் பட்டாபிஷேகமும் சண்டையும்தான் சரித்திரம் என்று நினைத்தால் அது குப்பைதான். மக்கள் என்ன தின்றார்கள், எதை எண்ணிப் பயந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதும் சரித்திரம் என்றால், அந்தக் காகிதத்துக்கு விலை கிடையாது. ரிங்கல்பிளத்துக்கு இது தெரிந்திருந்தது.

எழுதியவர்களும் பெரிய பண்டிதர்கள் மட்டும் அல்ல. பெரெட்ஸ் ஒப்போச்சின்ஸ்கி என்பவர் கெட்டோவில் தபால்காரராக வேலை பார்த்தார். மாடி மாடியாக ஏறி இறங்கினார். கடிதம் வருமா என்று வழிமேல் விழி வைத்து நின்றவர்களைப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். ஹூபர்பாண்ட் என்ற மதகுரு, கோவில்களும் வழிபாடும் என்ன ஆயின என்று எழுதினார். எழுதினால் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த எழுத்தாளர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். தங்கள் இனத்தாரின் குற்றங்களையும் இவர்கள் மறைக்கவில்லை. லஞ்சம் வாங்கிய யூதப் போலீஸ்காரர்களைப் பற்றி எழுதினார்கள். பிணம் கிடந்த தெருவிலேயே கள்ளச்சந்தைப் பணத்தில் குடித்துக் கூத்தாடியவர்களைப் பற்றியும் எழுதினார்கள். அடிபட்டவன் தன் பக்கத்து அழுக்கைத் தானே எழுதி வைப்பது லேசான காரியம் அல்ல. அதனால்தான் இந்தக் காகிதங்களின் பேச்சை நம்ப முடிகிறது.

பொய்ப் படம்

1942 மே மாதம் ஜெர்மானியர்கள் சினிமா கேமராவுடன் கெட்டோவுக்குள் வந்தார்கள்.

நல்ல துணி உடுத்திய சிலரைப் பிடித்து ஓட்டலில் உட்கார வைத்தார்கள். விருந்து சாப்பிடுவது போல் நடிக்கச் சொன்னார்கள். பக்கத்திலேயே எலும்பும் தோலுமான பிச்சைக்காரர்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். "பணக்கார யூதன் ஏழை யூதனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்" என்று உலகத்துக்குக் காட்டவேண்டுமாம்! பட்டினி போட்டவர்களே எடுத்த படம் இது.

போருக்குப் பிறகு அந்தப் படம் ஜெர்மனியில் ஒரு கிடங்கில் கிடைத்தது. குரல் இல்லை, முடிவு இல்லை. அதில் இருந்த காட்சிகளை உண்மை என்று எண்ணிப் பலர் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். 1998-ல் இன்னொரு சுருள் அகப்பட்டது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடிக்க வைத்தது அதில் பதிவாகி இருந்தது. சாயம் வெளுத்தது.

ஆனால் அது நாடகம் என்பதை அப்போதே எழுதி வைத்தவர்கள் கெட்டோவுக்குள் இருந்தார்கள். யூதர் சபையின் தலைவராக இருந்த ஆடம் செர்னியாக்கோவ் தம் டைரியில் இந்தப் படப்பிடிப்பைக் குறித்திருக்கிறார். கொன்றவன் எடுத்த படம் மட்டும் மிஞ்சி, செத்தவன் எழுதிய தாள் மிஞ்சாமல் போயிருந்தால் உலகம் எதை நம்பியிருக்கும்? ரொட்டியா காகிதமா என்று கேட்பவர்கள் இதையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

தாள்கள் பின்னால் வருகிறவர்களுக்காக மட்டும் காத்திருக்கவில்லை. கெல்ம்னோ என்ற இடத்தில் யூதர்களை லாரிக்குள் அடைத்து விஷப் புகையால் கொன்றார்கள். பிணம் புதைக்கும் வேலைக்கு விடப்பட்ட ஒரு யூதர் 1942 ஜனவரியில் அங்கிருந்து தப்பி வார்சா வந்தார். அவர் சொன்னதை ஓனெக் ஷப்பாத் ஆட்கள் வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொண்டார்கள். செய்தி போலந்தின் ரகசிய இயக்கம் மூலம் லண்டனுக்குப் போனது. ஜூன் மாதம் லண்டன் ரேடியோ யூதர்கள் கொல்லப்படுவதைச் சொன்னது. ரிங்கல்பிளம் அதைக் கேள்விப்பட்டு, தங்கள் உழைப்பு வீண் போகவில்லை என்று மகிழ்ந்தார்.

ஆனாலும் கொலை நிற்கவில்லை. அடுத்த மாதமே வார்சாவின் முறை வந்தது.

பள்ளிக்கூடத்தின் அடியில்

1942 ஜூலை 22-ந் தேதி ஆட்களைப் பிடித்து ரெயிலில் ஏற்றத் தொடங்கினார்கள். ரெயில் போன இடம் திரெப்ளிங்கா கொலைக்களம். இரண்டே மாதத்தில் சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம் பேர் போனார்கள்.

தெருத்தெருவாக ஆட்களை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். நொவோலிப்கி தெரு 68-ம் எண் பள்ளிக்கூடத்தில் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியர் இருந்தார். காகிதங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. 19 வயது டேவிட் கிராபர், 18 வயது நாகூம் கிஷிவாச் என்ற இரு இளைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பத்துத் தகரப் பெட்டிகளில் காகிதத்தை அடைத்தார். ஆகஸ்டு 3-ந் தேதி பள்ளியின் நிலவறையில் புதைத்தார்கள்.

மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கடைசிக் கடிதம் எழுதி உள்ளே போட்டார்கள். இந்தப் புதையலைத் தோண்டி எடுக்கும் நாளைப் பார்க்க ஆசை என்று கிராபர் எழுதினான். தன் பெற்றோரின் வீட்டை வளைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட கிஷிவாச், ஓடப்போவதாக எழுதி, தன் பெயரை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். லிக்டென்ஸ்டைன் தமக்கு நன்றி கேட்கவில்லை. ஓவியரான மனைவி கெலாவையும், 20 மாதக் குழந்தை மார்கலித்தையும் நினைவில் வைக்கச் சொன்னார். கெலா வரைந்த சுமார் 300 படங்களும் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன. பெரும்பாலும் குழந்தைகளின் முகங்கள்.

1943 பிப்ரவரியில் மேலும் தாள்களை இரண்டு பால் கேன்களில் போட்டு அதே இடத்தில் புதைத்தார்கள். ஏப்ரலில் கெட்டோவில் கலகம் வெடித்தது. ஜெர்மானியர்கள் வீடு வீடாகத் தீ வைத்தார்கள். லிக்டென்ஸ்டைன் குடும்பம் அந்த நாட்களில் மடிந்தது.

ரிங்கல்பிளத்தைக் கைதிகள் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நண்பர்கள் ரகசியமாக மீட்டு வந்தார்கள். வார்சாவில் ஒரு போலந்துக்காரர் தம் தோட்டத்துக்கு அடியில் கட்டிய பதுங்கு குழியில், மனைவியோடும் மகன் ஊரியோடும் ஒளிந்திருந்தார். அங்கேயும் எழுதினார்! 1944 மார்ச் 7-ந் தேதி குழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களையும் இடம் கொடுத்தவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

செங்கல் மேட்டில் தேடியவர்கள்

போர் முடிந்தது. கெட்டோ இருந்த இடத்தில் தெருவும் இல்லை, வீடும் இல்லை. எங்கு பார்த்தாலும் இடிந்த செங்கல் குவியல்.

பிழைத்த மூவரில் ஒருவர் ஹெர்ஷ் வாசர். இன்னொருவர் அவர் மனைவி புளூமா. மூன்றாவது, கஞ்சித் தொட்டி நடத்திய ரேச்சல் அவுர்பாக். அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. இடிபாட்டுக்கு அடியில் ஒரு புதையல் இருக்கிறது, தேடுங்கள் என்று கூட்டத்தில் எழுந்து பேசினார். பிறகு இஸ்ரேல் போய், பிழைத்து வந்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டும் வேலைக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

இடிபாட்டுக்குள் சுரங்கம் போல் தோண்டினார்கள். 1946 செப்டம்பர் 18-ந் தேதி தகரப் பெட்டிகள் அகப்பட்டன. மூடியை ஈயம் வைத்து அடைக்காததால் தண்ணீர் புகுந்து தாள்கள் நனைந்து பூசணம் பிடித்திருந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினார்கள். பால் கேன்களோ 1950 டிசம்பரில் கட்டட வேலை செய்தவர்களின் கையில் அகப்பட்டன. அவற்றில் இருந்த தாள்கள் அவ்வளவு கெடவில்லை.

மொத்தம் சுமார் 35 ஆயிரம் பக்கங்கள். வார்சாவில் உள்ள யூதர் சரித்திரக் கழகம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது. 1999-ல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மூன்றாவதாக ஒரு பகுதியும் உண்டு. அதைக் கலகம் வெடிப்பதற்குச் சற்று முன்பு ஸ்வியென்டோயெர்ஸ்கா தெருவில் புதைத்ததாகச் சொல்கிறார்கள். அந்த இடம் பின்னால் சீனத் தூதரகத்தின் தோட்டம் ஆகிவிட்டது. அனுமதி வாங்கி அங்கேயும் தோண்டிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.