நான் பாதியில் கிளம்பிய ஃபைனல்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கிறேன். 2023 ஜூலை 12-ஆம் தேதி, சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் டி.என்.பி.எல் ஃபைனல் நடந்தப்போ நான் ஸ்டாண்டில் இருந்தேன். ஆனா மேட்ச் முடிஞ்சப்போ இல்லை. நெல்லை ராயல் கிங்ஸ் விக்கெட் வரிசையா விழ ஆரம்பிச்சதும், "வாலே, கூட்டம் வர முன்ன பஸ் ஏறிருவோம்"னு நண்பன் சொன்னான். நானும் எழுந்துட்டேன்.

பிளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்த நாட்கள் அவை. இப்போ ஃபைனல் இயர். மூணு வருஷத்துல எத்தனையோ மேட்ச் பார்த்தாச்சு, அந்த ராத்திரி மட்டும் இன்னும் உறுத்துது. ஏன்னு யோசிச்சப்போ வந்ததுதான் இந்தக் கட்டுரை.

அந்த சீசனை மறந்தவங்களுக்காக ஒரு சின்ன ரீகேப். கோவை, திண்டுக்கல், சேலம், திருநெல்வேலினு நாலு ஊர்ல நடந்த தொடர். சென்னைக்கு ஒரு மேட்ச்கூட இல்லை. ஃபைனலே நம்ம ஊர்ல. ஆரம்பத்துலயே சேலம் கேப்டன் அபிஷேக் தன்வர் இன்னிங்ஸின் கடைசிப் பந்துக்கு மட்டும் 18 ரன் கொடுத்து உலகம் முழுக்க வைரல் ஆனார். நமக்கு அஜிதேஷ் குருசாமி கிடைச்சார். லீக் சுற்றில் கோவை கிங்ஸுக்கு எதிரா 60 பந்தில் 112 அடிச்சு ஜெயிக்க வெச்சார். சீசன் முடிஞ்சப்போ 385 ரன்னோட அதிக ரன் எடுத்தவரும் அவர்தான்.

எலிமினேட்டரில் மதுரையை வெறும் 4 ரன்னில் தாண்டினோம். அடுத்து ஜூலை 10, சங்கர் நகரில் திண்டுக்கல்லோட இரண்டாவது குவாலிஃபையர். கடைசி 2 ஓவரில் 37 ரன் வேணும். கதை முடிஞ்சுதுன்னு நினைச்சோம். அஜிதேஷும் ரித்திக் ஈஸ்வரனும் சேர்ந்து 19-ஆவது ஓவரில் மட்டும் 33 ரன் எடுத்தாங்க. ரித்திக் 11 பந்தில் 39. பக்கத்து சீட்ல இருந்த முன்பின் தெரியாத அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடிச்சுட்டார்.

ரெண்டே நாள் கழிச்சு ஃபைனல். கோவை 205-க்கு 5. நாம 101-க்கு ஆல் அவுட். 104 ரன் வித்தியாசம். சொந்த மண்ணில், சொந்த ஜனங்க முன்னாடி. ஸ்டாண்ட் சீக்கிரமே காலியாச்சு. அப்படிக் காலி பண்ணவங்கள்ல நானும் ஒருத்தன்.

பஸ்ல வரும்போது நண்பன் ஒரு ஆறுதல் சொன்னான்: "இவனுவ எவனும் நம்ம ஊர்க்காரன் கிடையாதுல. ஏலத்துல எடுத்த பயலுவ. தோத்தா நமக்கென்ன?"

அன்னைக்கு அது எனக்கு வசதியா இருந்தது, தலையாட்டிட்டேன். அவன் சொன்னதுல உண்மையும் இருக்கு. டி.என்.பி.எல்-ல முதல் தடவையா வீரர்களை ஏலம் விட்டது அந்த 2023-ல்தான். ஒரு அணிக்கு 70 லட்சம் பட்ஜெட். சாய் சுதர்சனைக் கோவை 21.6 லட்சத்துக்கு எடுத்தது, அப்போ ஐ.பி.எல்-ல அவருக்கு 20 லட்சம்தான். நம்ம கேப்டன் அருண் கார்த்திக் 2018-ல் இதே தொடரில் மதுரைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். உள்நாட்டு கிரிக்கெட்டில் அசாம், கேரளாவுக்கெல்லாம் ஆடினவர். இன்னொரு கூத்தும் உண்டு. 2022 முதல் மேட்ச்சில், இதே சங்கர் நகரில், நெல்லைக்காக ஆடின பாபா அபராஜித் பந்து போடும் முன்னாடியே கிரீஸை விட்டு நகர்ந்த சேப்பாக்கத்து ஜெகதீசனை ரன் அவுட் பண்ணார். பெரிய சண்டையே ஆச்சு. அடுத்த வருஷம் பார்த்தா ரெண்டு பேரும் சேப்பாக்கம் அணியில் ஒண்ணா நிக்கிறாங்க!

அப்போ "நம்ம அணி"ன்னா என்னதான் அர்த்தம்? ஜெர்சியில் ஊர் பேரைப் போட்டுட்டா போதுமா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் கண்டுபிடிச்சது கிரிக்கெட்ல இல்லை, பிளேஸ்மென்ட் சீசனில். நம்ம கேம்பஸ்ல நடக்கிறதும் ஒரு ஏலம்தானே மக்களே? வாட்ஸ்அப் குரூப்ல பேரும் பேக்கேஜும் வருது. எனக்கும் ஒரு பெங்களூரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கு. அடுத்த வருஷம் நான் அந்த ஊர் அணிக்கு ஆடப்போற வெளியூர்க்காரன். உங்கள்ல பாதிப் பேர் சென்னை, கோவை, ஹைதராபாத்னு கிளம்பப் போறீங்க. அங்கே ஒருத்தர், "இவன் எங்க ஊர்க்காரன் இல்லை, இவன் ஜெயிச்சா என்ன தோத்தா என்ன?"ன்னு சொன்னா வலிக்குமா வலிக்காதா? அதே கம்பால அருண் கார்த்திக்கையும் அஜிதேஷையும் அளந்தது நியாயமா?

அந்த ஃபைனல் நடந்ததும் ஆனி மாசம்தான். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு நாலு ரத வீதியும் நிரம்பும். வடம் பிடிக்கிறவன்கிட்ட "நீ டவுனா, பாளையா, அசலூரா?"ன்னு யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. வடத்துல கை வெச்சவன் தேர் இழுக்கிறவன், அவ்வளவுதான். தேர் நடுவுல நின்னா கையை விட்டுட்டு வீட்டுக்குப் போறவனும் கிடையாது. தேர் நிலைக்கு வந்து சேரணும்.

என்னோட கருத்து இதுதான்: ஒரு ஊருக்குச் சொந்தமாகிறது பிறப்பால மட்டும் இல்லை, தோக்கும்போதும் இருக்கிறதால. அப்படிப் பார்த்தா அந்த ராத்திரி வெளியூர்க்காரங்க பதினோரு பேரும் கடைசி வரைக்கும் மைதானத்துல இருந்தாங்க. ஓடிவந்த உள்ளூர்க்காரன் நான்.

இதைச் சொல்றதால அணி நடத்துறவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கலை. எந்த ஊர் அணியா இருந்தாலும், ஊர் பேரை எடுத்தா அந்த ஊருக்கு ஒரு கடன் இருக்கு. அம்பையிலயும் சேரன்மகாதேவியிலயும் ஸ்ரீவைகுண்டத்துலயும் டென்னிஸ் பந்துல யார்க்கர் போடுற பசங்க இருக்காங்க. வருஷத்துல ஒரு நாளாவது அவங்க அந்த நெட்ஸில் பந்து போடணும், அதை ஒரு கோச் உட்கார்ந்து பார்க்கணும். அது நடந்தாத்தான் அந்தப் பேருக்கு மதிப்பு.

ஏன் சொல்றேன்னா, நடராஜனைப் பாருங்க. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர், 2016 முதல் டி.என்.பி.எல்-ல திண்டுக்கல் ஜெர்சி போட்டவர். அடுத்த வருஷமே ஐ.பி.எல் ஏலத்துல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஊரை விட்டுப் போனார், இந்தியாவுக்கே ஆடினார். 2023 ஜூன் மாசம், அதாவது நான் சொல்ற இதே சீசன் நடந்துட்டிருக்கும்போது, தன் ஊர்லயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்தார். போறது தப்பே இல்லை. போன இடத்துலயும் உண்மையா ஆடலாம், வந்த இடத்தையும் மறக்காம இருக்கலாம். ரெண்டும் ஒரே ஆளால முடியும்.

அந்த ஃபைனலுக்கு அப்புறம் 2024-ல் திண்டுக்கல், 2025-ல் திருப்பூர்னு கோப்பை வேற ஊர்களுக்குப் போயிடுச்சு. அது பரவாயில்லை. எனக்கு இப்போ ஒரு சின்ன ஆசைதான். போன மாசம் நம்ம காலேஜ் டீம் ஸோனல் மேட்ச் ஆடினப்போ பார்க்க வந்தவங்க பன்னெண்டு பேர். எண்ணிப் பார்த்தேன். பதினோராவது ஓவரிலேயே தோல்வி உறுதியாச்சு, அப்போ ஏழு பேர் ஆனோம்.

நான் கிளம்பலை. கடைசி விக்கெட் விழுந்து பசங்க பெவிலியனுக்குத் திரும்பி வரும்போது கைதட்டினேன். எங்க கிளாஸ் ஃபாஸ்ட் பவுலர் ஒருத்தன், கிருஷ்ணகிரிக்காரன், ஹாஸ்டல் பையன், என்னைப் பார்த்து, "நீ இன்னும் போகலையாடா?"ன்னு கேட்டான்.

அடுத்த மேட்ச் வர்ற சனிக்கிழமை, காலை ஒன்பதரை, நம்ம கிரவுண்டுல. வாங்க மக்களே. வந்தா முடியுற வரைக்கும் இருங்க.