விஞ்ஞான ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விஞ்ஞானம் போதிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள், எங்கள் போதனைத் திறனை வளர்க்கும் பொருட்டு நடத்தப்பெறும் புத்தொளிப் பயிற்சிகளையும் பட்டறைகளையும் பற்றி இதுகாறும் ஓய்வறையில் தேநீர்க் கோப்பையுடன் பேசிவந்த அபிப்பிராயங்களைப் பொறுப்புடன் எழுத்தில் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டதென்று கருதி, இவ்வறிக்கையை வெளியிடுகின்றோம். பயிற்சியே வேண்டாமென்பது எங்கள் கட்சியன்று. ஆசிரியர் தம் சொந்த வகுப்புக்குத் திரும்பிய பின்னரும் பயிற்சி அவரைத் தொடர்ந்து வர வேண்டும்; அங்ஙனம் தொடராத ஒன்றைப் பயிற்சியென்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாகாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

இம்முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. விஞ்ஞான ஆசிரியர்களுக்கான கோடைகாலப் பயிலகங்கள் அமெரிக்க உதவியுடன் 1963ஆம் ஆண்டிலேயே தொடங்கின. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளை நிறுவிற்று. அவை பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக விளங்குகின்றன. பெயர்ப்பலகை மூன்று முறை எழுதப்பட்ட அவ்விடங்களில், ஒருவர் மேடையில் நின்று பேச நாற்பது பேர் அமர்ந்து கேட்கும் வழக்கம் மட்டும் பெரிதும் அப்படியே இருக்கிறது. விரிவுரையைக் குறைக்க வேண்டுமென்று இரண்டு மணி நேரம் விரிவுரை ஆற்றியவரை எங்களில் பலர் கண்டிருக்கிறோம்.

பணி மேம்பாட்டுக்குச் சான்றிதழ் அவசியம் என்ற விதியினால் ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்து சேர்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் சான்றிதழுக்காக வந்தவர் சான்றிதழுடன் திரும்புவதில் வியப்பில்லை. மனமுவந்து கலந்துகொள்ளும் பட்டறைகளின் பலன் கூட நாம் எண்ணுவது போல் இருப்பதில்லை. அமெரிக்காவில் உயிரியல் பேராசிரியர்களிடையே டயான் எபர்ட்-மே அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுள் 89 விழுக்காட்டினர் தாங்கள் மாணவரை முன்னிறுத்தும் முறைக்கு மாறிவிட்டதாகத் தெரிவித்தனர். அவர்களுடைய வகுப்புகளை ஒளிப்பதிவில் பார்த்தபோதோ, 75 விழுக்காட்டினர் பழைய விரிவுரையையே நிகழ்த்திக்கொண்டிருந்தனர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் கருதவில்லை. மாறிவிட்டோம் என்று நம்புவது எளிது; உடனிருந்து பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லாதபோது அது மேலும் எளிது.

மாற்றம் எந்த இடத்தில் நிகழ வேண்டுமென்பதற்கு ஓர் உதாரணம் போதும். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால், சமன்பாடுகளைத் தலைகீழாக ஒப்பிக்கும் மாணவர்களில் பலர், திசைவேகம் சுழியாக இருப்பதால் முடுக்கமும் சுழியே என்று தயங்காமல் சொல்வார்கள். அத்தவறான விடையின் பின்னால் ஒழுங்கான ஒரு தர்க்கம் இருக்கிறது. அதை வெளிக்கொணர்ந்து, மாணவர்களை ஒருவரோடொருவர் வாதிடச் செய்து, அவர்களே அதைக் கலைக்குமாறு நடத்தும் வித்தையைப் பொதுப்படையான கல்வி உளவியல் பிரசங்கம் எதுவும் கற்றுத்தர இயலாது. பௌதிக ஆசிரியருக்குப் பௌதிகத்திலும், இரசாயன ஆசிரியருக்கு இரசாயனத்திலும் பயிற்சி வேண்டுமென்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேதான்.

ஆய்வுக்கூடத்தின் நிலை இன்னும் பரிதாபமானது. தனி ஊசலை இருபது முறை ஆடவிட்டு நேரம் குறிக்க வேண்டிய மாணவன், புவியீர்ப்பு முடுக்கத்துக்குரிய 980 என்ற விடையை முன்பே அறிந்தவனாதலால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்புகிறான்; ஆசிரியரும், தாம் மாணவராயிருந்தபோது அவ்விதமே செய்தவராதலால், சிவப்பு மையில் கையெழுத்திடுகிறார். இந்திய விஞ்ஞான அகாடமிகளின் ஆதரவில் பேராசிரியர் ஆர். சீனிவாசன் நடத்திய சோதனை இயற்பியல் பயிற்சிகளில், ஆசிரியர்களே கருவிகளைக் கையிலெடுத்து நாள்தோறும் அளந்தார்கள். அளவு ஒத்துவராமல் மாலைவரை மல்லுக்கு நின்ற ஆசிரியர், 980 என்று எழுதிவந்த நோட்டை முன்போல் கண்ணை மூடிக்கொண்டு திருத்தமாட்டார். பயிற்சி நாட்களில் பாதியேனும் ஆய்வுக்கூடத்தில் கழிய வேண்டுமென்று கோருகிறோம்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ் வழியில் பயின்று முடுக்கம், உந்தம் என்ற சொற்களால் சிந்திக்கப் பழகிய மாணவர் கல்லூரியின் முதலாண்டில் அக்ஸிலரேஷன், மொமெண்டம் என்ற சொற்களை எதிர்கொள்கையில், விஷயம் தெரிந்திருந்தும் தெரியாதவர் போல் ஊமையாய் அமர்ந்திருக்கிறார். இதனை நாள்தோறும் காணும் ஆசிரியருக்கு, அவ்விரு சொல்லுலகங்களுக்கிடையே எவ்வாறு பாலமிடுவது என்று நாங்கள் கலந்துகொண்ட எந்தப் பயிற்சியிலும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்பட்டதில்லை. தமிழ்நாட்டில் நடக்கும் விஞ்ஞானப் பயிற்சி ஒவ்வொன்றிலும் இதற்கென ஓர் அமர்வு இருத்தல் வேண்டும்.

பயிற்சியைத் தொடர்ச்சியாக இரண்டு வாரம் நடத்தி முடித்துவிடுவதற்குப் பதிலாக, விடுமுறையில் ஒரு வாரமும், பின்னர் பருவந்தோறும் இரண்டு நாட்களுமாக அதைப் பிரித்து, இடைக்காலத்தில் சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வந்தமர்ந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். இது வேவு பார்ப்பதாக முடியுமென்று எங்கள் உறுப்பினர் சிலரே அஞ்சுகின்றனர், அவ்வச்சம் நியாயமானது. ஆகவே, பார்ப்பவர் தாம் கண்டதை அந்த ஆசிரியரிடம் மட்டுமே பேச வேண்டும். முதல்வருக்கோ நிர்வாகத்துக்கோ ஒரு வரிகூட எழுதலாகாது. இந்நிபந்தனை இல்லையேல் அவ்வேற்பாட்டை நாங்களே எதிர்ப்போம்.

கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் இன்று விஞ்ஞான வகுப்புகளில் பெரும் பாரத்தைச் சுமந்தும், பயிற்சிக்கு விடுப்போ அந்நாட்களுக்கு ஊதியமோ இன்றி ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களையும் ஊதியத்துடன் சேர்த்துக்கொள்ளாத திட்டத்துக்கு எங்கள் சம்மதம் இல்லை.

அரசின் ஆணைக்குக் காத்திராமல், எங்கள் செயற்குழுவினர் ஒவ்வொருவரும் வரும் பருவத்தில் அண்டைக் கல்லூரி ஆசிரியர் ஒருவரைத் தம் வகுப்புக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அழைப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். வர விரும்பும் ஆசிரியர்கள், தாங்கள் காண விரும்பும் பாடத்தைக் குறிப்பிட்டுச் சங்கச் செயலாளருக்கு எழுதலாம்.