நடந்து போகிறவர்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும்

ஊவா மாகாணத்திலே பாதை அபிவிருத்தி என்றால் தார் வீதியை அகலப்படுத்துவது என்றே அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நெடுங்காலமாகக் கருதி வருகின்றனர். ஆனால் பசறை, நமுனுகுல, ஹப்புத்தளை, மடுல்சீமைத் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடமும் மருந்தகமும் பஸ் தரிப்பிடமும் இன்றைக்கும் கால்நடையாகவே சென்றடைய வேண்டியவை. மழைக்காலத்துக் காலைவேளையில் மேட்டு லயத்துப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, தேயிலை மலையின் குறுக்குப் பாதையிலே வழுக்கும் மண்படிகளில் விரலூன்றி இறங்கி, பீலித் தண்ணீரிற் கால் கழுவிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பெருவீதியின் வளைவுகளில் பஸ்ஸுக்கும் கானுக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போவதைக் கண்ட எவரும், நடையும் ஒரு போக்குவரத்தே என்பதை மறுக்கமாட்டார்.

இந்த அலட்சியத்துக்குச் சட்டமும் துணைநின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்ட பின்னர், தோட்டக் கம்பெனியின் பாதை என்று சபை கைவிரிப்பதற்கு நியாயமில்லை.

தோட்டப் பாதைகளைச் சீராக்குவது அசாத்தியமான காரியமுமன்று. கண்டி ஹந்தானையிலிருந்து ஹப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பிரதேசங்களின் வழியே நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ‘பீக்கோ டிரெயில்’ என்னும் நடைவழி, பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து, 22 பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. உல்லாசப் பிரயாணிகளை ஈர்க்கும் அம்முயற்சி பாராட்டத்தக்கதே. விருந்தினரின் சௌகரியத்துக்காகப் பாதையை அளந்து வரைபடத்தில் ஏற்ற முடிந்த தேசத்தில், அம்மலைகளிலே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் பாதைகளுக்கு அது முடியாதா?

சைக்கிளைப் பொறுத்தவரை நிலத்தின் சுபாவத்தை அறிந்து திட்டமிடுதல் அவசியம். 1,400 மீற்றர் உயரத்து ஹப்புத்தளையின் ஏற்றங்களில் அதனை வற்புறுத்துவது பேதைமை. ஆனால் வெல்லவாய, புத்தல, மகியங்கனைச் சமநிலங்களிலே அது ஏழையின் வாகனம். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் நாடே அதனைத் தேடிச் சென்றது.

ஆகவே மலைக்கு நடைபாதையும் சமநிலத்துக்குச் சைக்கிள் பாதையுமாக, மாகாணம் முழுமைக்கும் ஒரே திட்டம் வகுக்கப்பட வேண்டும். லயத்திலிருந்து பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் செல்லும் பாதைகளை முதலில் பதிவு செய்து, மண்படிக்குக் கற்படியும், சரிவுக்குக் கைப்பிடியும், மழைநீருக்குக் கானும், பெருவீதிக்கு ஓர நடைபாதையும் அமைத்தல் வேண்டும். மாகாண நிர்வாகமும் பிரதேச சபைகளும் தோட்டக் கம்பெனிகளும் ஒன்றுகூடி, வருகிற வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்கெனத் தனி நிதி ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.