தூரமும் ஒரு தண்டனையோ?

தண்டனை பெற்றவரைக் கிளைச் சிறையிலிருந்து மத்திய சிறைக்கு மாற்றுவதை நாம் மறுக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்ட மகனை, இடைசெவல் தாய் ஒருநாள் கூலியை இழந்தேனும் பார்த்துத் திரும்பலாம். ஆனால் 'நிர்வாகக் காரணம்' என்ற இரு சொற்களால் அவன் கடலூருக்கோ வேலூருக்கோ மாற்றப்பட்டால்? மானாவாரிக் கரிசலையும் தீப்பெட்டி ஆலையையும் நம்பிப் பிழைப்பவள் எத்தனைமுறை போய்வர இயலும்? நீதிமன்றம் எழுதாத இத்தண்டனையைச் சுமப்பவள் குற்றமறியாத தாயன்றோ?

இது வெறும் இரக்கப் பேச்சன்று. 1979 டிசம்பரில், சுனில் பத்ரா வழக்கின் இரண்டாம் தீர்ப்பில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், உறவுகள் அறுபடும் தொலைச் சிறைக்கு மாற்றுவதையும் சிறைக் கொடுமைகளின் வரிசையில் வைத்தார். 2015இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற மண்டேலா விதிகளில் 59ஆம் விதி, இயன்றவரை வீட்டுக்கு அருகிலேயே சிறைவைக்கச் சொல்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும், தண்டனை பெறாத நிலையிலேயே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அப்பாலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். சில நாள்களில் இருவரும் மாண்டனர். உறவினரின் கண் எட்டாத தூரம் எவருக்கு வசதி என்பதைச் சிந்திப்போம்.

"குற்றவாளிக்குச் சலுகையா?" எனக் கேட்போர் நம்மிடையேயும் உண்டு. சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று மறைக்கல்வியில் கற்றோமே. சந்திக்கவே முடியாத தொலைவில் வைத்தால் மௌனமாய் இருக்கலாமோ? நாம் கேட்பது சலுகையன்று, முறை. மாற்றத்தின் காரணம் எழுத்தில் தரப்படட்டும். கைதியின் மறுப்பு கேட்கப்படட்டும். குடும்பத்துக்கு முன்னரே அறிவிக்கப்படட்டும். நீதிபதி விதித்தது ஆண்டுக் கணக்கு; அதிகாரி மைல் கணக்கையும் சேர்க்க வேண்டாம்.